இருத்தலியல் பாட்டில் ‘என் இஷ்டம்’ தேடாதீர்கள்

அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் ‘மை வே’ (என் வழி) பாட்டை, மனிதன் தன் தேர்வுகளால்தான் உருவாகிறான் என்னும் தத்துவமான இருத்தலியலுக்கு யாராவது உதாரணமாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் நெளிச்சலாக இருக்கும். கடைசிக் காலத்தில் ஒரு மனிதர் திரும்பிப் பார்த்து, எல்லாவற்றையும் என் போக்கிலேயே செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறார், சுதந்திரம் என்றால் இதுதானே என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. இல்லை. பிரெஞ்சு இருத்தலியல் தத்துவவாதி சார்த்தர் பேசிய சுதந்திரம் இஷ்டப்படி நடப்பது அல்ல. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் தப்பிக்க வழியில்லை, தேர்ந்தெடுத்த பிறகு பழியைத் தூக்கிப் போட வேறு ஆளும் இல்லை. சுதந்திரமாக இருக்கும்படி மனிதன் தண்டிக்கப்பட்டிருக்கிறான் என்றுதான் அவர் சொன்னார். இதில் மார்தட்ட என்ன இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், அந்த மெட்டு முதலில் ஒரு பிரெஞ்சுப் பாட்டுடையது. 1967இல் க்ளோத் பிரான்சுவா பாடியது, தலைப்புக்கு ‘வழக்கம்போல’ என்று பொருள். காதல் ஆறிப்போன வீடு. அவன் எழுகிறான், அவள் எழவில்லை, குளிருமே என்று போர்வையை இழுத்து விடுகிறான், அப்புறம் நாள் முழுக்கச் சிரிக்கிற மாதிரி நடிக்கப் போகிறான், ராத்திரியும் அதே நடிப்புதான், எல்லாம் வழக்கம்போல. தெரிந்தே தன்னை ஏமாற்றிக்கொள்வதைப் பற்றி 1943இல் சார்த்தர் பக்கம் பக்கமாக எழுதினாரே, அச்சு அசல் சர்வர் மாதிரியே நடந்துகாட்டும் ஓட்டல் சர்வரை உதாரணம் காட்டி, அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது இந்தப் புலம்பலைத்தான். நான் நான் என்கிற ஆங்கில வடிவத்தை அல்ல.

இன்னொன்று, பாட்டில் வருகிற ‘நான்’ பாடகரின் வாக்குமூலம் என்று நம்பிவிடுவது. ‘மை வே’ வரிகளை எழுதியவர் பால் ஆங்கா, அப்போது அவருக்கு வயது 27. ஐம்பதைத் தாண்டிய சினாட்ரா எழுதினால் எப்படி எழுதுவார் என்று யோசித்து எழுதிக் கொடுத்தார். அதனால் பாட்டு பொய்யாகிவிட்டதா? ‘உண்மையான நான்’ ஒன்று உள்ளே தயாராக உட்கார்ந்திருக்கிறது, கவிதை அதை வெளியே கொண்டுவந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்குத்தான் அது பொய். இருத்தலியல் இதைத் தலைகீழாகச் சொல்கிறது: முதலில் இருக்கிறோம், செய்யச் செய்யத்தான் நாம் இன்னார் என்று ஆகிறோம். அப்படிப் பார்த்தால் எழுதுவதும் ஒரு செய்கைதான். எழுதும்போது ஒரு ‘நான்’ உருவாகிறது. யாப்பை விட்டுவிட்டாலே சுதந்திரக் கவிதை என்பதும் இதே குழப்பம். வெண்பா எழுதுகிறவரும் தேர்ந்தெடுத்துத்தானே எழுதுகிறார்?

சோகமாக இருந்தால் இருத்தலியல் என்று முத்திரை குத்துவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்த முத்திரை விழுந்த பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவே, நான் இருத்தலியல்வாதி இல்லை என்று 1945இல் சொல்லிவிட்டார்.

சரி, சார்த்தரே பாட்டு எழுதியிருக்கிறாரா என்றால், எழுதியிருக்கிறார். 1944இல் மேடையேறிய தன் நாடகத்துக்காக எழுதியதை, பிறகு ஜோசப் கோஸ்மாவின் இசையில் பிரெஞ்சுப் பாடகி ழூலியெத் கிரேக்கோ பாடினார். பாரிஸ் தெரு ஒன்றில் தலை வெட்டும் தண்டனை மேடை ஒன்றைப் போடுகிறார்கள், தண்டனையை நிறைவேற்றுகிறவன் விடியற்காலையிலேயே எழுந்துவிடுகிறான், வெட்டுவதற்குத் தளபதிகளும் பிஷப்புகளும் வரிசையில் இருக்கிறார்கள். சுதந்திரம் என்ற சொல்லைத் தேடி அதற்குள் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.