பாடகி டாஷ்போர்டு நடுவில் நிற்க வேண்டும்

சென்னை ஜி.பி. ரோட்டில் பதினெட்டு வருஷமாகக் காருக்கு மியூசிக் செட் மாட்டுகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் வாயைத் திறந்ததும் கேட்பது, "எத்தனை வாட்ஸ்ண்ணே?" கார் செட்டுக்கு நடக்கும் சவுண்ட் குவாலிட்டி போட்டியில் நடுவர் அதைக் கேட்பதே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காது கொடுக்கிறார். பாடகியின் குரல் டாஷ்போர்டு நடுவிலிருந்து வருகிறதா, வலது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வருகிறதா? மார்க் அங்கேதான் ஏறும், இறங்கும்.

1930-ல் மோட்டோரோலா ரேடியோ காருக்குள் வந்தபோது இந்தத் தொல்லை இல்லை, ஒரே ஸ்பீக்கர். ஸ்டீரியோவுக்கு ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார வேண்டும். காரில் யார் நடுவில் உட்காருகிறார்கள்? பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் முந்தி வந்து குரலைத் தன் பக்கம் இழுத்துவிடும். 1984-ல் பயனியர் கார் சிடி பிளேயர் வந்து கேசட்டின் இரைச்சலை ஒழித்தது. இந்தக் கோணலை ஒழிக்கவில்லை. இப்போது டிஎஸ்பி இருக்கிறது, ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தனித்தனியாகத் தாமதப்படுத்தும் கருவி. ஆனால் அதைத் தொடுவது கடைசியில்.

முதலில் கதவு. உள்பக்க டோர் பேடைக் கழற்றினால் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் அது வழியாக வந்து முன்பக்க பாஸைத் தின்றுவிடும். அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டால் அவற்றை மூடி ரோலரால் அழுத்துங்கள். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டையை மட்டும் மூடாதீர்கள், ரெண்டு மழையில் துரு பிடிக்கும். லாக் கம்பிக்குத் துணி டேப் சுற்றுங்கள். நான் அதைச் சுற்றாமல் ஒரு போட்டிக்குப் போனேன். மிருதங்கம் விழும்போதெல்லாம் கதவுக்குள் யாரோ சாவிக்கொத்தை ஆட்டினார்கள்.

வயரிங்கில் மூன்றே விஷயம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ். எர்த் கொடுக்கிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முறுக்குங்கள். பவர் கேபிள் ஒரு பக்கம் போனால், ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர் மறுபக்கம் போகட்டும். எர்த் சரியில்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு பாடும்.

ஸ்பீக்கர் பொலாரிட்டிக்கு, அதாவது பிளஸ் மைனஸ் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பென்சில் செல் போதும். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, பிளஸ்ஸில் பிளஸ், மைனஸில் மைனஸ் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பாஸ் காணாமல் போகும், குரல் காருக்குள் எங்கென்றே தெரியாது. இந்தச் சோதனை பாஸ் கொடுக்கும் பெரிய வூஃபருக்கு மட்டும். கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ட்வீட்டரில் அசைவு கண்ணுக்குத் தெரியாது.

ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கிற திருகுதான் கெயின். அதைக் காதால் வைக்காதீர்கள். ஸ்பீக்கர் வயர் கழன்றே இருக்கட்டும். 1000 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு வால்யூமை முக்கால்வாசி வையுங்கள். 50 வாட்ஸ் ஆம்ப், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 50-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 14.1. ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்துக் கெயினை மெல்லக் கூட்டுங்கள், ஏசி வோல்ட்டில் அதைக் காட்டும்போது நிறுத்திவிடுங்கள். அடி பாஸுக்கென்று தனியாக சப்-வூஃபர் இருந்தால் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அனுப்பாதீர்கள்.

இனி அளவு டேப்பை எடுங்கள். சீட்டை வழக்கமாக ஓட்டும் இடத்தில் வைத்து, மூக்கு நுனியிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளங்கள். இடது 130 சென்டிமீட்டர், வலது 85 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 45. ஒரு மில்லிசெகண்டில் சத்தம் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 45-ஐ 34-ஆல் வகுத்தால் 1.3. டிஎஸ்பியில் வலதுக்கு 1.3 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்கள். டிக்கியில் சப் இருந்தால் பெரும்பாலும் அதுதான் தூரம். அதற்குப் பூஜ்யம் வைத்து மற்றதையெல்லாம் அதிலிருந்து கணக்கிடுங்கள்.

கணக்கு பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். இன்ஜினையும் ஏசியையும் அணைத்து, மோனோவில் பதிந்த ஒற்றைக் குரலைப் போடுங்கள். குரல் வலதுக்குச் சாய்ந்தால் வலதுக்கு 0.05 கூட்டுங்கள், இடதுக்குச் சாய்ந்தால் குறையுங்கள். ஸ்டியரிங்கைத் தாண்டி, ஏசி வென்ட்டுக்கு மேலே குரல் சட்டென்று வந்து நிற்கும்.

ஒரு கஸ்டமர் மறுநாளே வந்து நின்றார். "பக்கத்து சீட்டுல வீட்டுக்காரம்மாவுக்கு முன்னவிட மோசமா கேக்குதாம்ண்ணே." கேட்கத்தான் செய்யும், வலதைத் தாமதித்தால் இடது சீட்டுக்காரருக்குக் கோணல் இரட்டிப்பாகும். தாமதமே இல்லாத ரெண்டாவது ப்ரீசெட் ஒன்றைச் சேமித்து, குடும்பத்தோடு போகும்போது அதைப் போடுங்கள்.