பழைய டிரம்பெட்டில் ஊதும்போதே சுருதி சேர்க்கும் மூன்றாம் ஸ்லைடு: இறுகியதை விடுவித்துப் பழகுவது எப்படி?

மதுரைப் பக்கம் பேண்டு செட்டுகளில் கைமாறி வரும் பழைய டிரம்பெட்டுகளில், மூன்றாம் வால்வு ஸ்லைடு (அந்த வால்வோடு சேர்ந்து, உள்ளும் வெளியும் நகரும் U வடிவக் குழாய்) பெரும்பாலும் கல்லாக இறுகியிருக்கும். அதில் இருக்கும் வளையம் பிடிமானத்துக்கு மட்டும்தான் என்று நினைத்தே பலர் ஊதுகிறார்கள்.

அந்த ஸ்லைடு நகர்வது எதற்கு? பி ஃப்ளாட் டிரம்பெட்டின் குழாய் சுமார் 140 செ.மீ. ஒன்றாம் வால்வை அழுத்தினால் அதில் 17 செ.மீ. கூடும்; மூன்றாவது 26 சொச்சம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வேண்டியது கிட்டத்தட்ட 47, கிடைப்பதோ 44-க்கும் குறைவு. அதனால்தான் ஸ்டாஃபின் (ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகளின்) அடியில் தொங்கும் டி ஸ்வரம் சுருதி ஏறி ஒலிக்கிறது. மூன்று வால்வும் சேரும் சி ஷார்ப் இன்னும் மோசம். வளையத்தில் விரல் விட்டு ஸ்லைடை வெளியே தள்ளி இந்தக் குறையை நிரப்பத்தான் அது.

1. ஸ்லைடின் இணைப்புகளில் டபிள்யூடி-40 விட்டு ஓர் இரவு வையுங்கள். கொறடு வேண்டாம். வளைவுக்குள் பருத்தித் துணியைக் கோத்து, மூன்றாம் வால்வை அழுத்தியபடி நேராக வெடுக்கென்று இழுங்கள். வால்வை அழுத்தாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஸ்லைடைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

2. வெளியே வந்ததும் இளஞ்சூட்டு சோப்பு நீரில் கழுவுங்கள். பித்தளைதானே என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

3. இனிதான் முக்கியமான இடம். சுத்தம் செய்தும் ஸ்லைடு பிடிக்கிறதா? அழுக்கு என்று முடிவுகட்டி உப்புத்தாள் போடாதீர்கள். தேய்ந்த குழாய் காற்றை விடும், அதற்கு மருந்து கிடையாது. ஸ்லைடின் இரண்டு கால்களில் ஒன்றை மட்டும் அதன் குழாயில் நுழைத்துப் பாருங்கள். பிறகு மற்றதை மட்டும். தனித்தனியே வழுக்கிப் போய், இரண்டும் சேர்ந்தால் இறுகினால் கால்கள் இணையாக இல்லை என்று அர்த்தம். கருவி பழுதுபார்ப்பவர் நிமிர்த்தித் தருவார். வளையம் இல்லாவிட்டால் ஈயப்பற்று வைக்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங் சூட்டில் பித்தளை மெத்தென்று ஆகிவிடும்.

4. ட்யூனிங் ஸ்லைடுக்கு (கருவி முழுவதின் சுருதியைச் சரிசெய்யும் முதன்மை ஸ்லைடு) போடும் கிரீஸ் இங்கே கெட்டி. அதில் இரண்டு சொட்டு வால்வு ஆயில் கலந்து பூசுவதுதான் எனக்குப் பிடித்தது. தேங்காய் எண்ணெய் பிசுக்கேறும். மார்கழிக் காலையில் உறைந்தே போகும்.

5. போனில் ட்யூனர் (சுருதி காட்டும் செயலி) வைத்து, இடது மோதிர விரலால் தள்ளியபடி டி ஊதுங்கள். குழாய் போய்வரும் இரட்டை வழி என்பதால், 3 செ.மீ. குறைக்கு ஒன்றரை தள்ளினால் போதும். மூன்றாம் ஸ்லைடைக் கொஞ்சம் நீளமாகவே செய்த கருவிகளில் அதுகூட வேண்டாம். சி ஷார்ப்புக்கு இன்னும் வெளியே. ஸ்வரம் பிறக்கும் முன்பே விரல் தள்ளியிருக்க வேண்டும். ஊதிவிட்டு நகர்த்தினால் இழுவையாகக் கேட்கும்.

பின்சேர்க்கை: ஸ்லைடு முழுதாக வெளியே வராமல் தடுக்கும் நிறுத்தத் திருகு இல்லாத கருவியில் ஊர்வலத்தின்போது ஸ்லைடு கழன்று விழுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வளையத்திலிருந்து கருவியின் உடம்புக்கு நைலான் நூல் கட்டுங்கள், மாசி வீதிக் கூட்டத்தில் தேட வேண்டியிருக்காது. யூபோனியம் (டிரம்பெட்டைவிடப் பெரிய, கீழ் சுருதியில் ஒலிக்கும் வால்வுக் கருவி) பற்றியும் கேள்வி வந்தது. வால்வுகளின் பின்புறம் குட்டிக் குழாய்கள் கூடுதலாக இருந்தால் அது 1874-இல் டேவிட் பிளெய்க்லி என்பவர் வடிவமைத்த ஈடுசெய் முறை. குறையும் நீளத்தை அதுவே சேர்த்துக்கொள்ளும், விரல் வேலை இல்லை.