சிரட்டைக் கரியிலிருந்து பற்றரி வரை: தொழில்முனைவராகும் இரசாயனவியலாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனையிறவில் உப்பு விளைகிறது. சிரட்டைக்கும் பனங்கொட்டைக்கும் வன்னியில் பஞ்சமில்லை. ஆகவே இரசாயனவியல் படித்த ஒருவர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ, இலிதியத்துக்குப் பதிலாக உப்பிலுள்ள சோடியத்தைக் கொண்டு இயங்கும் சோடியம் அயன் பற்றரித் தொழிலொன்றைத் தொடங்க நினைப்பதில் வியப்பில்லை. நினைப்பில் பிழையில்லை, பிழைகள் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் எதை அளக்கிறோம் என்பதிலேயே தொடங்கிவிடுகின்றன.

மூலப்பொருள் மலிவாகக் கிடைப்பதால் பற்றரியும் மலிவாக முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. கடலுப்பில் மகனீசியமும் கல்சியமும் கலந்திருக்கும். அதைத் தூய்மையாக்கிச் சோடியம் காபனேற்றாக மாற்றிய பின்பே, பற்றரியின் நேர்முனையான கதோட்டுக்குரிய பொருள் செய்ய உதவும். எதிர்முனையான அனோட்டுக்குப் போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் (கிரபைற்று) இருக்கிறதே என்பாரும் உளர். ஆனால் இலிதியம் எளிதில் நுழையும் காரீயப் படைகளுக்குள் சோடியம் போதியளவு நுழைவதில்லை.

அதனால்தான் அனோட்டுக்கு, படைகள் ஒழுங்கின்றி அமைந்த கரியான வன்காபன் (hard carbon) தேவைப்படுகிறது. பலரும் சறுக்குமிடமும் இதுவே. சிரட்டையிலிருந்து நீர்வடிகட்டிக்கான செயலூட்டிய கரி செய்வது இலங்கைக்குப் பழகிய தொழில் என்பதால், அந்தக் கரியையே பற்றரிக்கும் எடுக்கிறார்கள். அதன் ஒரு கிராமில் ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் மேற்பரப்பு உண்டு. நீரின் அழுக்கைப் பிடிக்க அது நல்லது, பற்றரிக்கோ கேடு. முதன்முறை மின்னேற்றும்போது, இரு முனைகளுக்கும் இடையே அயன்களைக் கடத்தும் மின்பகுபொருள் சிதைந்து கரியின்மேல் படலமாகப் படிகிறது. மேற்பரப்பு பெருகப் பெருக, அப்படலத்தில் சிறைப்படும் சோடியமும் பெருகும். வன்காபனுக்கு, சிரட்டைக் கரியை அமிலத்தால் கழுவிப் பொற்றாசியத்தை நீக்கி, காற்றுப் புகாத உலையில் 1000 முதல் 1400 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, மேற்பரப்பைக் கிராமுக்குச் சில சதுர மீற்றருக்குள் அடக்க வேண்டும்.

இந்த இழப்பு ஆய்வுகூடத்தில் கண்ணில் படாமல் போகக் காரணம் உண்டு. பொத்தான் அளவிலான சோதனைக் கலத்தில் கரிக்கு எதிரே சோடியம் உலோகத் தகடு இருக்கும். எவ்வளவு இழந்தாலும் அது ஈடுசெய்துகொண்டே இருக்கும். உண்மையான பற்றரியிலோ கதோட்டு கொண்டுவந்த சோடியம் மட்டுமே உண்டு. மின்னேற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சோடியத்தில் 99 வீதம் திரும்புகிறது என்று அறிக்கையில் எழுதினால் அழகாகத்தான் இருக்கும், 0.99ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள், மிஞ்சுவது 37 வீதம். உண்மையான கதோட்டும் அனோட்டும் கொண்ட முழுக்கலத்தில் சோதிக்கும் வரை முதலீட்டாளரைச் சந்திக்காதிருப்பதே நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடாமல் விட்ட கறியுப்பு விடியுமுன் கசிந்துவிடும். மின்பகுபொருளில் வழக்கமாகச் சேர்க்கும் அறுபுளோரோபொசுபேற்று உப்பு அதே ஈரத்துடன் தாக்கமுற்று ஐதரோபுளோரிக் அமிலத்தைத் தரும். எனவே உலர் அறையின் செலவையும் அதற்கான மின்கட்டணத்தையும் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். சோதனையை 25 பாகையோடு நிறுத்துவதும் தவறு. பற்றரி இருக்கப்போவது தகரக் கூரையின் கீழ்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் மாநாட்டில் முடிவுகளை வாசித்துவிடாதீர்கள். பல நாடுகளில் உரிமை அத்துடன் போய்விடும்.

வாங்குபவரைக் கடைசியில் யோசிப்பதும் உண்டு. அதே சக்தியைச் சேமிக்கச் சோடியம் பற்றரி இலிதியத்தைவிடப் பாரமாக இருக்கும்; எனவே வாகனத்தைவிட வீட்டுச் சூரிய மின்சாரத்துக்கும் தோட்டக் கிணற்று நீர்ப்பம்பிக்குமே அது பொருந்தும். அங்கே மோத வேண்டியது ஈய அமிலப் பற்றரியோடு. அது பழுதானாலும் ஈயத்துக்கு விலை இருப்பதால், பழைய இரும்பு வாங்க வருபவர் நிறுத்துக் காசு கொடுத்து எடுத்துச் செல்கிறார். சோடியம் பற்றரிக்குள் அப்படி விலைபோகும் உலோகம் அதிகமில்லை. ஆகவே பழையதை யார், என்ன விலைக்குத் திரும்பப் பெறுவார் என்பதை விற்பனைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பெட்டியில் ‘நிலைபேறான’ என்று அச்சிடுவதெல்லாம் அதற்குப் பிறகு.