புதுப்பனி விழுந்த மறுநாள் மலையுச்சிக்கு: ஸ்கீ டூரிங் தொடங்குகிறவர்களுக்கு

லிஃப்டில் ஏறிச் சறுக்கப் பழகி, சிவப்புத் தடங்களில் (நடுத்தரக் கடினம்) தடுமாறாமல் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சறுக்கவே இனிமேல்தான் கற்க வேண்டும் என்றால் முதலில் ஒரு சீசனை ஸ்கீ மைதானத்தில் கழித்துவிட்டு வாருங்கள். லிஃப்ட் இல்லாமல் சொந்தக் காலில் உச்சிக்கு ஏறி, யாரும் தொடாத பனியில் இறங்குவதற்குத்தான் ஸ்கீ டூரிங் என்று பெயர்.

முதல் மலையாக நான் எல்லோருக்கும் சொல்வது கிழக்கு சுவிட்சர்லாந்தின் ப்ரெட்டிகாவ் பள்ளத்தாக்கில் இருக்கும் க்ரூட்ஸ். உயரம் 2195 மீட்டர். கீழே சங்க்ட் அன்டோனியன் கிராமம் சுமார் 1420 மீட்டரில் இருக்கிறது; ஆக ஏற வேண்டியது 800 மீட்டருக்குள்தான். லாண்ட்க்வார்ட்டிலிருந்து ரயிலில் க்யூப்லிஸ், அங்கிருந்து போஸ்ட்பஸ். கார் தேவையில்லை. காடு, மேய்ச்சல் வெளி, அகன்ற முதுகு என்று மலை மெல்லத்தான் உயர்கிறது.

முந்தின நாள் மாலை

இந்தப் பயணத்தின் முக்கியமான வேலை வீட்டில், முந்தின நாள் மாலை 5 மணிக்கு நடக்கிறது. டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப் என்னும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு அறிக்கையை வெளியிடும் நேரம் அது. மறுநாள் காலை 8 மணிக்கு மீண்டும் ஒரு அறிக்கை வரும். இரண்டையும் படியுங்கள்.

பலர் அபாய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஐந்து நிலைகளில் 3 என்று இருந்தால், "நடுத்தரம்தானே" என்ற நினைப்பு வரும். அது தவறு. நிலை 3-இல் ஒரே ஒரு ஆளின் எடை பனிப்பலகையை (ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் பனி அடுக்கை) உடைக்கப் போதும்; சில நேரம் தூரத்தில் நின்றாலே உடையும். எண்ணுக்குக் கீழே எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவுகளில், என்ன காரணத்தால் ஆபத்து என்று எழுதியிருக்கும். புதுப்பனியா, காற்று கொண்டுவந்து குவித்த பனியா, அடியில் பழைய வலுவற்ற அடுக்கா? மூன்றாவது என்றால் நான் இன்னும் அதிகமாக ஒதுங்குவேன், ஏனென்றால் மேலே நின்று பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது.

அடுத்து சுவிஸ் அரசின் நில அளவை நிறுவனமான ஸ்விஸ்டோப்போவின் வரைபடத்தில் சரிவுக் கோண அடுக்கைப் போடுங்கள். 30 பாகைக்கு மேல் மஞ்சள், 35-க்கு மேல் ஆரஞ்சு, 40-க்கு மேல் சிவப்பு. பலகையாக உடைந்து வரும் பனிச்சரிவுகள் கிட்டத்தட்ட எல்லாமே 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில்தான் கிளம்புகின்றன. எனவே தொடக்கக்காரருக்கு என் விதி எளிது: நிலை 3 என்றால் நிறம் விழுந்த எதிலும் கால் வைக்காதீர்கள், அதன் அடியிலும் போகாதீர்கள். நிலை 4 என்றால் மலைக்கே போக வேண்டாம். மேகம் விலகி வெயில் அடிக்கும் முதல் நாள்தான் அழைக்கும். ஆபத்து கூடியிருப்பதும் அன்றைக்குத்தான்.

அதே வரைபடத்தில் விலங்குகள் ஒதுங்கும் பகுதிகளும் குறிக்கப்பட்டிருக்கும். குளிர்காலத்தில் அங்கே நுழையத் தடை உண்டு. வழியை அதற்கு வெளியே போடுங்கள்.

பொருட்கள்

முதல் தடவை எல்லாவற்றையும் வாடகைக்கு எடுங்கள். வாங்குவதென்றால் முதலில் பூட்ஸ். காலுக்குப் பொருந்தாத பூட்ஸ் நாளையே கெடுக்கும். ஸ்கீ, பூட்ஸுக்கு அடியில் வரும் நடுப்பகுதியில் 85 முதல் 95 மில்லிமீட்டர் அகலம் போதும். அதைவிட அகலமானது பவுடரில் (லேசான தூள்பனியில்) மிதக்கும்தான், ஆனால் 800 மீட்டரும் அதைத் தூக்கிக்கொண்டு போகப்போவது நீங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், முன்பக்கம் இரண்டு முள் பிடிக்கும் வகை. ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்தெல் 1980-களில் உருவாக்கியது. அதைவிட லேசானது எனக்குத் தெரிந்து இல்லை. ஏறும்போது பின்னுக்கு வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் மயிர்ப்பட்டைதான் ஸ்கின். அதில் மோஹேரும் (ஆட்டு மயிர்) நைலானும் கலந்ததையே வாங்குங்கள். தனி நைலான் நன்றாகப் பிடிக்கும், ஆனால் முன்னே எளிதாக வழுக்கிப் போகாது. ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் உழைப்பு.

பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), ஷவல், பனிக்குள் குத்தித் தேடும் புரோப் கம்பி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஷவல் அலுமினியமாக இருக்கட்டும். சரிந்து நின்ற பனி இறுகிவிடும், பிளாஸ்டிக் அதில் உடையும். பனிக்குள் புதைந்தவருக்கு முதல் 10-15 நிமிடங்களுக்குப் பிறகு உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வருவது அரிது. கூட வருகிறவர்தான் தோண்ட வேண்டும். அதனால் தனியாகப் போகாதீர்கள். ஒரு நாள் பனிச்சரிவுப் பயிற்சியாவது எடுத்துவிட்டு, முதல் பயணத்தை வழிகாட்டியுடனோ அனுபவமுள்ளவருடனோ வையுங்கள். சுவிஸ் வான்வழி மீட்பு அமைப்பான ரேகாவின் எண் 1414-ஐ போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம்

கிளம்பும் இடத்தில் எல்லோருடைய பீக்கனையும் ஒருவர் நின்று சோதிக்க வேண்டும். பிறகு ஸ்கின்: ஸ்கீயின் அடிப்பக்கத்தை உலரத் துடைத்து, நுனி வளையத்தை மாட்டி, நுனியிலிருந்து வாலுக்கு அழுத்தித் தேயுங்கள். பூட்ஸை முள்ளில் மாட்டும் முன், பூட்ஸ் நுனியில் முள் நுழையும் குழியில் பனி அடைத்திருக்கிறதா பாருங்கள். மாட்டியதும் காலை முன்னும் பின்னும் சில தடவை ஆட்டிவிட்டு, அப்புறம் முன் நெம்பை நடை நிலைக்கு இழுத்துப் பூட்டுங்கள். குழியில் பனி இருந்தால் பாதி ஏற்றத்தில் ஸ்கீ கழன்றுகொள்ளும்.

நடக்கும்போது ஸ்கீயைத் தூக்காதீர்கள், தள்ளுங்கள். பேசிக்கொண்டே போக முடிகிற வேகம்தான் சரி. மணிக்கு 300 மீட்டர் உயரம் நல்ல கணக்கு.

சரிவு கூடும்போது வளைந்து வளைந்து ஏற வேண்டும். அந்த வளைவுகளில்தான் கிக் டர்ன் வருகிறது, எல்லோரும் திணறுவதும் இங்கேதான். எனக்கும் இது கைவர வெகுகாலம் பிடித்தது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன். திரும்பும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். சரிவு கொஞ்சம் தணிந்த இடமாக இருக்கட்டும். இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே கிடையாக வைத்து, பனியை மிதித்துத் தளமாக்குங்கள். கம்புகளை முன்னும் பின்னும் ஊன்றுங்கள். மேல்பக்கத்து ஸ்கீயைத் தூக்கி, புதிய திசை நோக்கும் வரை முழுதாகச் சுழற்றி வையுங்கள். பாதி சுழற்றினால் அடுத்த கால் வராது.

இப்போது மொத்த எடையையும் அந்தக் காலில் போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். இதைச் செய்யாததால்தான் பெரும்பாலானோர் சரிகிறார்கள். பயத்தில் மலைப்பக்கம் சாய்கிறார்கள், மேல் ஸ்கீயின் பிடி விட்டுப்போகிறது. நிமிர்ந்த பிறகு கீழ்க்காலை மேல்கால் பூட்ஸுக்கு அருகே கொண்டுவந்து, குதிகாலை ஸ்கீயின் மேல் படக்கென்று தட்டுங்கள். நுனி மேலே எழும். அது எழும் அதே கணத்தில் காலை வெளிப்பக்கம் திறந்து சுழற்றுங்கள். இழுத்தால் நுனி பனியில் குத்தி நிற்கும், தட்டினால்தான் எழும். கிராமத்துப் புல்வெளியிலேயே இரண்டு பக்கமும் பழகிவிட்டு மேலே போங்கள்.

ஏறும் வழியில் எதிர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கள். க்யூனிஹோர்ன் மலையின் சரிவெங்கும் வரிசை வரிசையாகப் பனிச்சரிவுத் தடுப்புகள். 1951 குளிர்காலப் பனிச்சரிவுகளுக்குப் பிறகு கட்டப்பட்டவை. கிராமத்தின் பழைய வீடுகள் சிலவற்றின் பின்புறம் பனிச்சரிவைப் பிளக்கும் கல்மேடுகளும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் பனியை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

உச்சியும் இறக்கமும்

உச்சியிலிருந்து பார்த்தால் சுல்ட்ஸ்ஃப்ளூ மலையின் சுண்ணாம்புக்கல் சுவர் வடகிழக்கே நிற்கும். பார்ப்பதற்கு முன் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள், உடல் சட்டென்று குளிரும். ஸ்கின்னை உரித்து மடித்து ஜாக்கெட்டுக்குள் வையுங்கள், பையில் அல்ல. பூட்ஸைச் சறுக்கும் நிலைக்கு மாற்றி, பைண்டிங்கின் முன் நெம்பு நடை நிலையில் பூட்டியிருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். பூட்டியிருந்தால் விழும்போது ஸ்கீ கழலாது.

பவுடரில் பின்னால் சாயச் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு ஸ்கீயிலும் சம எடை, கால்கள் நெருக்கமாக, நடுவில் நின்று, கொஞ்சம் வேகம் எடுத்து நிதானமாகத் திரும்புங்கள். வேகம் இருந்தால்தான் ஸ்கீ மிதக்கும். செங்குத்தான துண்டு வந்தால் ஒருவர் பின் ஒருவராக, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க இறங்குங்கள். முழங்கால் அளவுப் பனியில் முதல் பத்துத் திருப்பங்கள் சத்தமே இல்லாமல் போகும். அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

பிறகு சேர்த்தது

ஸ்கின்னுக்கு அடியில் பனி கட்டிகட்டியாக ஒட்டுகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். வெயிலில் ஈரமான ஸ்கின் நிழலில் இருக்கும் குளிர்ந்த புதுப்பனியைத் தொடும்போது இது நடக்கும். ஸ்கின் மெழுகை முன்னிருந்து பின்னாக, மயிரின் போக்கில் தேயுங்கள். கிளம்பும் முன்பே தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது.

பசை விட்டுப்போனால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். இரண்டு ரப்பர் ஸ்ட்ராப் எப்போதும் பையில் இருக்கட்டும். ஸ்கீயோடு சேர்த்துக் கட்டினால் வீடு வரை தாங்கும். வீட்டில் ஸ்கின்னை ஹீட்டர் மேல் போடாமல் அறையிலேயே தொங்கவிட்டுக் காயவையுங்கள், சூடு பசையைக் கெடுக்கும். பீக்கனுக்கு, அதன் கையேடு வேறு சொல்லாதவரை, அல்கலைன் பேட்டரி மட்டும். சார்ஜ் செய்யும் வகையைப் போட்டால் மீதி அளவைத் தப்பாகக் காட்டும். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.