குன்னூர் ரிசார்ட்டுக்கு ஆள் தேடுவது எப்படி? நௌக்ரி முதல் வாட்ஸ்அப் வரை

நீலகிரியில் ஓட்டல், ரிசார்ட், டீ ஃபேக்டரி என்று எங்காவது எச்.ஆர். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். குன்னூரில் 24 அறை கொண்ட ஒரு ரிசார்ட், ரிசப்ஷனுக்கு ஒருவர், கிச்சனுக்கு ஒருவர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல், மே சீசனுக்கு ஆள் கையில் இருக்க வேண்டுமென்றால் ஜனவரியிலேயே தேட ஆரம்பித்துவிடுங்கள். இப்போது வேறு இடத்தில் இருப்பவர் நோட்டீஸ் பீரியட் முடித்துத்தான் மலை ஏறுவார்.

படி 1: கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்

சம்பளம், ஷிஃப்ட், வார லீவு, தங்க இடம், சாப்பாடு. இந்த ஐந்தையும் மேனேஜரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம்" என்பார். விடாதீர்கள். கீழே இருந்து வருகிறவர் சம்பளத்துக்கு முன்பே ரூம் உண்டா என்றுதான் கேட்பார்.

படி 2: எந்த வேலைக்கு எந்தத் தளம்

ரிசப்ஷன், அக்கவுண்ட்ஸ், மேனேஜர் வேலைகளுக்கு நௌக்ரி, இண்டீட், லிங்க்ட்இன். ஹவுஸ்கீப்பிங், ஸ்டூவர்ட், டிரைவர் வேலைகளுக்கு அப்னா, ஒர்க்இந்தியா போன்ற செயலிகளும் வாட்ஸ்அப்பும். சமையல்காரரை லிங்க்ட்இனில் தேடி ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள். தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளமும் மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸும் இலவசம். இரண்டிலும் பதிந்துவிடுங்கள்.

படி 3: அவர்கள் எழுதுகிற சொல்லைத் தேடுங்கள்

வேலையே இங்கேதான் இருக்கிறது. நௌக்ரியில் விளம்பரம் போடுவது ஒரு பக்கம். பணம் கட்டினால் ரெஸ்டெக்ஸ் என்கிற ரெஸ்யூமே கிடங்குக்குள் நாமே போய்த் தேடலாம். அதில் நீங்கள் ரிசப்ஷனிஸ்ட் என்று மட்டும் தட்டினால், தன்னை ஃபிரன்ட் ஆபீஸ் எக்ஸிக்யூட்டிவ் என்றோ கெஸ்ட் சர்வீஸ் அசோசியேட் என்றோ எழுதிக்கொண்டவர் கண்ணில் படவே மாட்டார். எல்லாப் பெயரையும் போட்டு, நடுவே 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தட்டுங்கள். இரண்டு சொல் சேர்ந்த பெயரென்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கிச்சனில் இன்னும் வேடிக்கை. காமி, அதாவது செஃபுக்குக் கீழே வேலை பார்க்கும் இளநிலைச் சமையல்காரர். இதை ஆங்கிலத்தில் ஒற்றை எம், இரட்டை எம், கடைசியில் எஸ் போட்டு, போடாமல் என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். தப்பான ஸ்பெல்லிங்கையும் சேர்த்துத் தேடுங்கள். ஸ்பெல்லிங் தெரியாதவருக்கும் குழம்பு நன்றாக வரும்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். ஊட்டி, உதகை, உதகமண்டலம், பழைய ஊட்டகமண்ட் என எல்லாமே ரெஸ்யூமேயில் வரும். கூடலூர் என்று தேடினால் தேனி மாவட்டத்துக் கூடலூர்க்காரரும் வந்து நிற்பார். இதற்கு ஒரு குறுக்கு வழி பின்கோடு. ஊட்டிக்கு 643001, குன்னூருக்கு 643101, கோத்தகிரிக்கு 643217. முகவரியில் இந்த எண் இருந்து, இப்போது வேலை பார்ப்பது கோவையிலோ பெங்களூரிலோ என்றால் அவரைத்தான் முதலில் அழைப்பேன். ஊருக்கே திரும்பி வர ஆசைப்படும் மலைக்காரர் நிறையப் பேர் உண்டு. விளம்பரம் அவர்கள் கண்ணில் படாது, நாம்தான் தேடிப் போக வேண்டும்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு டிசம்பரில் சென்னையிலிருந்து ஒரு தம்பியை எடுத்தேன். நல்ல ஆங்கிலம், நல்ல அனுபவம். நான்காம் நாள் காலை, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது, அவர் பையோடு வந்து நிற்கிறார். "சார், தண்ணியில கை வைக்க முடியல." அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

இன்னொன்று. கடைசியாக எப்போது லாகின் செய்தார் என்று காட்டும் வடிகட்டியை மறக்காதீர்கள். ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவருக்கு அநேகமாக வேலை கிடைத்திருக்கும்.

படி 4: லிங்க்ட்இன்

காசு கட்டாமலே ஆட்களைத் தேடலாம், ஆனால் மாதத்துக்கு ஓர் அளவு உண்டு. அது தீர்ந்தால் கூகுளுக்குப் போங்கள். 'சைட்' (site) என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் லிங்க்ட்இன் முகவரியை எழுதி, பக்கத்தில் வேலையின் பெயரையும் ஊரையும் போட்டால் பொதுவில் இருக்கும் புரொஃபைல்கள் வரிசையாக வரும். அப்புறம் செய்தி அனுப்பும்போது "அருமையான வாய்ப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். ஊர், வேலை, சம்பளம் மூன்றும் முதல் இரண்டு வரியிலேயே இருக்கட்டும்.

படி 5: வாட்ஸ்அப், ஃபேஸ்புக்

வேலை தேடுகிறவர்கள் இருக்கும் குழுக்களுக்கு நான் அனுப்புவது இந்த மாதிரி:

"குன்னூரில் ரிசார்ட் வேலை. கிச்சன் காமி, ஒருவர். தென்னிந்தியச் சமையல் தெரிய வேண்டும். சம்பளம் 18,000 ரூபாய். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு இலவசம். வாரம் ஒருநாள் லீவு. மார்ச் 10க்குள் சேர வேண்டும். யாருக்கும் எந்தக் கட்டணமும் கொடுக்க வேண்டாம். காலை 10 முதல் மாலை 5 வரை அழைக்கலாம்."

தேதியும் நேரமும் இல்லாமல் ஒருமுறை அனுப்பி, ஆள் சேர்ந்து மூன்று மாதம் கழித்தும் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்துகொண்டிருந்தது. ஃபார்வர்டு செய்தியை நாம் திரும்ப வாங்க முடியாது. கட்டண வரியையும் எடுத்துவிடாதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பதிவுக் கட்டணம் பிடுங்குகிறவர்கள் அதே குழுவில்தான் உலவுகிறார்கள். முடிந்தவரை சொந்த நம்பரைவிட ரிசார்ட் நம்பரையே கொடுங்கள்.

ஆளின் ஃபேஸ்புக் பக்கத்தைத் துழாவி, யாரோடு போட்டோ எடுத்திருக்கிறார் என்று பார்ப்பது நம் வேலை அல்ல.

படி 6: போன்

பத்துப் பெயர் தேறியதும் அழையுங்கள். "வணக்கம்ங்க, குன்னூர் ரிசார்ட்ல இருந்து பேசறேன். இப்ப பேசலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். டியூட்டியில் மேனேஜர் பக்கத்தில் நின்றால் அவர் என்ன பேசுவார், பாவம். மலையில் முன்பு இருந்திருக்கிறாரா, எத்தனை நாளில் வர முடியும், இப்போது என்ன வாங்குகிறார் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். குளிரையும் மழையையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு அழைப்பையும் ஒரு எக்ஸெல்லில் குறித்து வையுங்கள். போன தடவை எனக்குக் கிடைத்த ரிசப்ஷன் பெண், முந்தைய ஆண்டு "அக்கா கல்யாணம் முடியட்டும் சார், அப்புறம் கூப்பிடுங்க" என்று சொன்னவர். அந்த வரி எக்ஸெல்லில் இருந்தது. கூப்பிட்டேன்.