அலமாரி அடுக்கிய பத்தாம் நாளே கலைகிறதா? தவறு எங்கே என்று பார்ப்போம்

அடுக்கி முடித்த அன்றைக்கு எல்லா அலமாரியும் அழகாகத்தான் இருக்கும். கதவைத் திறந்து வைத்து நாமே இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். உண்மையான சோதனை பத்து நாள் கழித்து வரும். கொடியிலிருந்து எடுத்த துணி கட்டிலில் மலைபோலக் கிடக்கும். அலுத்துப்போய் வீடு திரும்பிய நீங்கள் அதை மடித்து உள்ளே வைப்பீர்களா, இல்லை அப்படியே அள்ளி நாற்காலிக்கு மாற்றுவீர்களா? நான் பல வருடம் நாற்காலிக் கட்சி.

அலமாரி விஷயத்தில் நாம் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. அந்த ஒரு நாளுக்காக அடுக்குகிறோம். அதற்குப் பிறகு வாரந்தோறும் வரப்போகும் துவைக்கும் நாளை யோசிப்பதே இல்லை.

முதல் தவறு, காலையில் உற்சாகமாக எல்லாத் துணியையும் வெளியே கொட்டுவது. ஒவ்வொரு துணியும் ஒரு முடிவைக் கேட்கும்: வைப்பதா, கொடுப்பதா, தைப்பதா? நூறு துணி என்றால் நூறு முடிவு. முதல் இருபதை நன்றாக யோசித்து எடுப்போம். அறுபதாவது வரும்போது மண்டை காய்ந்திருக்கும். இரவு படுக்கக் கட்டில் வேண்டுமே, அதனால் மிச்சத்தை எல்லாம் திணித்துக் கதவைச் சாத்துவோம். இதற்குத் தொடாமலே இருந்திருக்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று பிரித்துச் செய்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தட்டுக் கணக்கில் பார்த்தால் உங்களிடம் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. கறுப்பு பேன்ட் ஒன்று மேல் தட்டில், ஒன்று ஹேங்கரில், இன்னொன்று இஸ்திரிக்குப் போகும் பையில் என்று சிதறிக் கிடக்கும். வகைப்படி எடுங்கள். இன்றைக்கு பேன்ட் மட்டும், ஆனால் வீட்டில் எங்கெங்கே இருக்கிறதோ அத்தனையும். ஆறு கறுப்பு பேன்ட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. எதைப் போடுகிறோம், எதைப் போடுவதில்லை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பெட்டி, கூடை, தடுப்புப் பலகை எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிவிடுவது இன்னொரு பழக்கம். எத்தனை துணி மிஞ்சும் என்று தெரியாமல் வாங்கிய பெட்டி, நிரப்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். கழிக்க வேண்டிய துணிக்கு நாமே ஒரு வீடு கட்டிக் கொடுத்த கதைதான். பெட்டி கடைசியில். அதுவும் தட்டின் ஆழத்தை அளந்த பிறகு.

அடுத்தது, நாம் நம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்வி. "இது எப்போதாவது உதவுமா?" என்று கேட்டால் உதவாத துணி உலகத்தில் கிடையாது. கிழிந்த பனியன்கூடத் தரை துடைக்க உதவும். "இப்போது வெளியே கிளம்ப வேண்டும், இதைப் போட்டுக்கொள்வேனா?" என்று கேட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் போட்டே பாருங்கள். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. கையில் பிடித்துப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். கையில் பிடித்தால் எல்லாம் நல்ல துணிதான். போட்டுக்கொண்டு கையைத் தூக்கி, உட்கார்ந்து எழுந்தால் தோள்பட்டை பிடிக்கிறதா, பொத்தான் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். பல நாள் அந்தச் சட்டையை எடுத்துவிட்டு மறுபடி வைத்ததற்குக் காரணமும் அப்போதுதான் புரியும்.

ஏன் இவ்வளவு தயங்குகிறோம்? நமக்கு மனவுறுதி போதாது என்று நொந்துகொள்ள வேண்டாம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் சிலருக்குக் காபிக் குவளை கொடுத்தார்கள். கைக்கு வந்து சற்று நேரம்தான். அதற்குள் குவளை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெறும் குவளைக்கே இந்தப் பாடு என்றால், ஐந்து வருடம் அலமாரியில் இருந்த சட்டைக்குக் கேட்கவே வேண்டாம். இதே துணி இன்னொருவருடையது என்று வைத்துக்கொண்டு, அவர் சும்மாவே கொடுத்தால் வாங்கிக்கொள்வேனா என்று யோசித்தால் பிடி கொஞ்சம் தளரும். நிறையக் காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்பதும் இதே ரகம்தான். அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது. துணியை வைத்திருப்பதால் திரும்பி வராது. மாறாக இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடத் தந்திரமான தவறு, "வீட்டில் போட்டுக்கலாம்" என்பது. கழிக்கவும் மனமில்லை, வெளியே போடவும் முடியவில்லை, சரி, வீட்டுத் துணியில் சேர்ப்போம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாரத்துக்கு வீட்டில் போட எத்தனை உடை வேண்டும்? நான்கைந்து. எண்ணிப் பாருங்கள், உங்களிடம் பதினைந்து இருக்கும். அதிலும் விறைப்பான காலர் சட்டையை வீட்டில் யார் போடுவார்கள்? வெளியே போட லாயக்கில்லாதது எல்லாம் வீட்டுக்கு வசதியானது ஆகிவிடாது. வீட்டுத் துணிக்கு ஒரு எண்ணிக்கை வைத்து, புதிதாக ஒன்று சேர்ந்தால் பழையது ஒன்று போகட்டும்.

முடிவெடுக்க முடியாதவற்றைத் தனியாக ஒரு பையில் போடுவது நல்ல யோசனைதான், பையின் மேல் தேதி எழுதியிருந்தால். தேதி இல்லாத பை இன்னொரு அலமாரி. எல்லா ஹேங்கரையும் கொக்கி முன்பக்கம் பார்க்க மாட்டிவிட்டு, போட்டுத் துவைத்ததை மட்டும் திருப்பி மாட்டுகிற உத்தியையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பாதவை எவை என்று பார்ப்பது. தினசரி உடைகளுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். விசேஷ உடைக்கும் குளிர் உடைக்கும் அந்தக் கணக்கைப் போட வேண்டாம். கோடையில் கம்பளி கோட்டு திரும்பவில்லை என்பதற்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டு, குளிர் வந்ததும் முழிக்க வேண்டியிருக்கும்.

வைத்தே கெடுப்பது

வைத்துக்கொள்வது என்று முடிவான துணியைக் கெடுக்கவும் நம்மிடம் வழிகள் இருக்கின்றன. ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம்தான் போட்டோம் என்று துவைக்காமல் மடித்து வைக்கிறோம். அப்போது கறை எதுவும் தெரியாது. வியர்வையும் எண்ணெயும் காற்றோடு மெல்ல வினைபுரிந்து, சில மாதம் கழித்துக் கழுத்திலும் அக்குளிலும் மஞ்சளாகத் தலைகாட்டும். இனிப்பான பானம் சிந்திக் காய்ந்த இடமும் இப்படித்தான் பழுப்பேறும். அந்துப்பூச்சிக்கும் அந்தக் கறைதான் விருந்து. பறக்கிற அந்து துணியைத் தின்பதில்லை. தின்பது அதன் புழு. கம்பளி, பட்டு, இறகு போன்ற விலங்கு வழி இழைகள்தான் அதற்கு உணவு, அதிலும் வியர்வை படிந்தது என்றால் கூடுதல் விருப்பம். பருத்தி தப்பித்தது என்று நினைக்க வேண்டாம், கஞ்சி போட்ட பருத்தியைத் தேடி இராமபாணப் பூச்சி வரும். நெடுநாள் உள்ளே வைக்கப்போகும் துணிக்குக் கஞ்சி வேண்டாம்.

உடனே அந்துருண்டையைத் தேடுவோம். தினமும் திறந்து மூடுகிற அலமாரியில் இரண்டு உருண்டை போட்டால் வாசனை வருமே தவிரப் பெரிய பலன் இல்லை. மூடிய பெட்டிக்குள் ஆவி நன்றாகச் சேர்ந்தால்தான் அது பூச்சியைக் கொல்லும். அதே ஆவி நமக்கும் நல்லதில்லை. நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியில் சுற்றிய பச்சைக் குழந்தைகளுக்கு, குறிப்பாக ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கு, சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வந்ததுண்டு. குழந்தை இருக்கும் வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம் என்பது என் கட்சி. நாப்தலீனையும் பாராடைக்ளோரோபென்சீன் வகை உருண்டையையும் சேர்த்துப் போடவும் கூடாது. இரண்டும் கலந்தால் இளகி நீராகித் துணியில் கறை பிடிக்கும். பூச்சி அரித்த கம்பளித் துணியை இறுகக் கட்டிய பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். மருந்தே தேவையில்லை.

சலவையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே மாட்டுவதும் தவறுதான். ஈரம் உள்ளே அடைபட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உறையைக் கழற்றி, காற்றாட விட்டு, பழைய பருத்தித் துணியால் மூடி வையுங்கள். சரிகை உள்ள பட்டைச் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளிச் சரிகையைக் கறுக்க வைக்கும், செய்தித்தாளின் அமிலம் துணியை மஞ்சளாக்கும். மடிப்பையும் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும்.

பின்னலாடையை ஹேங்கரில் மாட்டாதீர்கள். தன் எடையிலேயே நீண்டு, தோளில் இரண்டு கொம்பு முளைத்துவிடும். கோட்டை மெல்லிய கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டாலும் தோள் அமுங்கிப்போகும்.

பத்திரமாக வைத்தால் எப்போதும் இருக்கும் என்பதும் எல்லாத் துணிக்கும் பொருந்தாது. பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் ஜாக்கெட், பை, ஷூ இவையெல்லாம் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தாலேயே சிதைந்து செதில் செதிலாக உரியும். ஒரு ஜோடி ஷூவைப் பெட்டிக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்து, ஒரு விழாவுக்குப் போட்டுக்கொண்டு போனேன். மண்டப வாசல் வரை வந்த அடிப்பாகம் உள்ளே வரவில்லை. அப்படிப்பட்டதை ஆசைப்பட்ட அன்றே போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

திரும்பி வரும் வழி

இனி அடுக்கும் முறை. நிறவாரியாக, கை நீளவாரியாக, துணிவகைவாரியாக என்று பதினெட்டுப் பிரிவு போட்டால் படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் துவைத்த துணி திரும்பும்போது ஒவ்வொன்றுக்கும் பதினெட்டில் எது என்று யோசிக்க வேண்டும். யாருக்கு நேரம்? வெளியே போடுவது, வீட்டில் போடுவது, உள்ளாடை, எப்போதாவது போடுவது. பலருக்கு இந்த நான்கே போதும். உள்ளாடைக்கு மடிப்புகூட வேண்டாம், ஒரு திறந்த கூடையில் போட்டால் ஆயிற்று. அடிக்கடி எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில், எப்போதாவது எடுப்பது உச்சியில்.

முழுக்க நிரப்பியும் வைக்காதீர்கள். ஹேங்கர்களுக்கு நடுவே கை தாராளமாக நுழைய வேண்டும். உங்கள் துணி எல்லாமே துவைத்து முடித்து உள்ளே இருக்கும் நாளில் தட்டு பிதுங்கினால், அந்த அலமாரி அடுத்த வாரமே கலையும்.

கழித்த துணியை என்ன செய்வது என்பதை அதே வாரத்தில் முடித்துவிடுங்கள். வாசலோரம் மூட்டையாகக் கிடந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பி உள்ளே வரும், அனுபவத்தில் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுங்கள். கிழிந்ததையும் கறை படிந்ததையும் தானம் என்ற பெயரில் அனுப்பினால் நம் குப்பையை இன்னொருவர் தலையில் கட்டுகிறோம். உலகம் முழுவதும் பழைய துணி கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனமும் ஒன்று. மலைமலையாகக் கிடக்கிறது. பழைய ஆடையை மறுபடி புது ஆடையாக்குவது ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் என்று, பொருள்களை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்த வலியுறுத்தும் எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017-இல் கணக்குச் சொன்னது. கிழிந்த பருத்தி, வீட்டிலேயே துடைக்கும் துணியாகட்டும். அதற்கும் ஒரு எண்ணிக்கை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் அலமாரியை முடித்த வேகத்தில் வீட்டில் இருக்கும் மற்றவர் அலமாரியில் கை வைத்துவிடாதீர்கள். அதன் பிறகு நடப்பது அலமாரிப் பிரச்சினையாக இருக்காது.

கடைசியாக அந்த நாற்காலி. அதில் குவிவது சோம்பேறித்தனத்தால் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் அங்கே கிடந்தவை பெரும்பாலும் ஒருமுறை போட்ட துணிகள். துவைக்கும் அளவுக்கு அழுக்கில்லை, சுத்தமான துணியோடு சேர்க்கவும் மனசு வராது. அலமாரியில் அவற்றுக்கு இடமே ஒதுக்கவில்லை, அவை எங்கே போகும்? கதவுக்குப் பின்னால் நான்கு கொக்கி அடித்தேன். ஐந்தாவது துணி வந்தால் முதலாவது துவைக்கப் போக வேண்டும் என்று விதி. இப்போதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார முடிகிறது.