ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஸ்கோர் ஏற்றாதீர்கள்

எமுலேட்டரில் (பழைய கேம் மெஷினைப் போலவே கணினியை நடக்கவைக்கும் மென்பொருள்) ஆடும் பழைய ஆர்கேட் கேம்களுக்கு ஹை ஸ்கோர் போட்டி நடத்துகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, படத்தை ஆதாரமாக ஏற்றுக்கொள்வது. ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. வீடியோ கொஞ்சம் தேவலாம். ஆனால் சேவ் ஸ்டேட் போட்டு, அதாவது ஆட்டத்தை அந்த நிலையிலேயே சேமித்துவைத்து, செத்த இடத்தை மட்டும் மறுபடி ஆடி ஒட்டியிருந்தால் அதிலும் தெரியாது.

மேம் (MAME) என்ற எமுலேட்டரில் ஆட்டத்தைப் பதிவுசெய்தால் ஐஎன்பி ஃபைல் கிடைக்கும். அதைத்தான் கேட்க வேண்டும். அதில் படம் இருக்காது; எந்த ஃபிரேமில், அதாவது திரை எத்தனையாவது முறை வரையப்படும்போது, எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்பது மட்டும்தான் இருக்கும். உங்கள் கணினியில் ஓட்டினால் கேம் அதே ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிக்காட்டி, அதே ஸ்கோரில் முடியும்.

முடியாவிட்டால்? உடனே "திருட்டு" என்று கத்துவது அடுத்த தவறு. மேம் பதிப்போ ரோம் செட்டோ (கேமின் நிரல் ஃபைல்கள்) மாறினாலும், முந்தைய ஆட்டங்களின் அமைப்புகளைச் சேமித்திருக்கும் பழைய என்விராம் ஃபைல் மிச்சமிருந்தாலும் ரீப்ளே தடம் புரளும். பாதி வழியில் ஹீரோ சுவரோடு முட்டிக்கொண்டிருப்பான், பாவம். எந்தப் பதிப்பு, எந்த ரோம் என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவித்துவிட்டால் இந்தச் சண்டையில் பாதி வராது.

சரி, ரீப்ளே ஒழுங்காக ஓடிவிட்டது. அப்போதும் நிம்மதி இல்லை. கேமை பாதி வேகத்தில் ஓட்டி நிதானமாக ஆடினாலும், பதிவு ஃபிரேம் கணக்கில்தான் ஏறுகிறது. திரும்ப முழு வேகத்தில் ஓட்டினால் ஆடியவர் மின்னல் வேக மேதையாகத் தெரிவார். போட்டிக்கென்றே மாற்றப்பட்ட உல்ஃப்மேம் என்ற மேம் பதிப்பு சீட் (ஏமாற்று வசதி), சேவ் ஸ்டேட் போன்றவற்றைத் தடுத்துவிடுகிறது, அதையே கட்டாயமாக்கலாம். முதல் சில இடங்களுக்கு, கையும் திரையும் ஒன்றாகத் தெரியும் வீடியோவையும் கேளுங்கள். எல்லோரிடமும் கேட்டால் ஆட வருகிறவர்களே குறைந்துவிடுவார்கள்.

விதிகளை அரைகுறையாக எழுதுவதும் ஏமாற்றுக்காரருக்குக் கதவு திறந்துவைப்பதுதான். எத்தனை உயிர், எவ்வளவு கடினம், எத்தனை புள்ளிக்கு போனஸ் உயிர் என்பதையெல்லாம் டிப் ஸ்விட்ச் (மெஷினின் போர்டில் இருக்கும் சின்ன அமைப்பு ஸ்விட்சுகள்) தீர்மானிக்கிறது. 'மிஸ் பேக்-மேன்' கேமுக்கு வேகம் கூட்டிய ஹேக் பதிப்பும் உண்டு. அதில் எடுத்த ஸ்கோரைச் சாதாரணப் பதிப்போடு ஒப்பிட முடியாது. ஆட்டோஃபயர் (பட்டனைத் தானாகவே திரும்பத் திரும்ப அழுத்தும் வசதி) கூடுமா கூடாதா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேமின் எல்லை தெரியாமல் நடுவராக உட்காரக் கூடாது. பேக்-மேனில் அதிகபட்சமே 33,33,360 புள்ளிதான். டாங்கி காங்கில் 22-வது லெவலில் நேரக் கணக்கு 256-ஐத் தாண்டிக் குழம்புவதால், வழக்கமாக மேடையை முடிக்கும் முன்பே நேரம் தீர்ந்துவிடும். இந்த எல்லைகளுக்கு மேல் போனதாக ஒருவர் சொன்னால் முதலில் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், அசல் மெஷின் ஸ்கோரையும் எமுலேட்டர் ஸ்கோரையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். அசல் மெஷினில் ஆடியதாக பில்லி மிட்செல் என்ற ஆட்டக்காரர் சொன்ன டாங்கி காங் வீடியோ டேப்புகளில் மேடைகள் மாறும்போது திரை வரையப்படும் விதம் அசல் போர்டோடு பொருந்தவில்லை என்று 2018-ல் கேம் சாதனைகளைப் பதிவுசெய்யும் அமைப்பான ட்வின் கேலக்சீஸ் அவருடைய ஸ்கோர்களை நீக்கியது. அது வழக்காகி, 2024-ல்தான் சமரசத்தில் முடிந்தது.